மதுரையில கும்பலா கடல் உணவு சாப்பிட போறதுக்கு முழு வழிகாட்டி: போன் பண்றதுல இருந்து பில் வரைக்கும்

மதுரையில கறி சாப்பிட போறதுக்கு யாருக்கும் வழிகாட்டி தேவையில்ல, உக்காந்தா சாப்பாடு தானா வரும். ஆனா மீன், இறால், நண்டு, கணவாய்னு சொல்லி நடுவுல வச்சு ஆறு பேர் எட்டு பேர் பங்கு போட்டு சாப்பிடுறது அப்படி இல்ல. வீட்டு விசேஷம், ஆபீஸ் ட்ரீட், வெளியூர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்கன்னு எங்க கூட்டத்துல டேபிள் சொல்றதும் ஆர்டர் கொடுக்கிறதும் பெரும்பாலும் என் பொறுப்புல தான் வரும், அதனால புதுசா வர்றவங்க எங்க சறுக்குறாங்கன்னு நல்லா பாத்துருக்கேன். உக்காந்ததும் ஆளுக்கு ஒன்னு சொல்றாய்ங்க, எல்லாம் ஒரே நேரத்துல வந்து குவியுது, பாதி ஆறிப்போகுது, மீனு ஆளுக்கு பாதி துண்டு தான் கிடைக்குது, கடைசில பில்ல பாத்து எல்லார் மூஞ்சியும் மாறிடுது. நல்ல கடையிலயும் இப்படித்தான் நடக்குது, ஏன்னா தப்பு சமையல்ல இல்ல, சொல்ற வரிசைல இருக்கு.

எந்த கடைக்கு போகணும்னு இதுல சொல்லல. ஏசி ரெஸ்டாரண்ட்டா இருந்தாலும் சரி, சிம்மக்கல் தல்லாகுளம் பக்கம் இருக்கற மெஸ்ஸா இருந்தாலும் சரி, முறை ஒன்னு தான்.

1. முதல்ல யார் என்ன சாப்பிட மாட்டாங்கன்னு கேளுங்க

எல்லாரும் "எத்தனை பேர் வர்றீங்க"ன்னு தான் கேக்குறாங்க. அத விட முக்கியம் யாருக்கு எது ஆகாதுங்கறது. பங்கு போட்டு சாப்பிடுற டேபிள்ல ஒருத்தர் இறால் தொடமாட்டார்னா அந்த பிளேட் கணக்கே மாறிடும்.

ரெண்டு நாளைக்கு முன்னாடியே வாட்ஸ்அப் குரூப்ல இதெல்லாம் கேட்டு வச்சுக்கோங்க: இறால் நண்டு ஒத்துக்காதவங்க யாரு, முள்ளு மீன் சாப்பிட தெரியாதவங்க யாரு, அன்னைக்கு விரதம் இருக்கறவங்க யாரு, காரம் தாங்காத பிள்ளைங்க எத்தனை.

ஒத்துக்காததுங்கற விஷயத்த சும்மா விட்டுராதீங்க. இறால் அலர்ஜி இருக்கறவங்களுக்கு நண்டும் சிங்கி இறாலும் கூட ஒத்துக்காம போக நிறைய வாய்ப்பு இருக்கு, எல்லாம் ஓடு உள்ள ஒரே ஜாதி தான். "நான் மீன் மட்டும் சாப்ட்டுக்கறேன்"னு அவங்க சொன்னாலும் இறால் பொரிச்ச அதே எண்ணெய்ல தான் மீனையும் போடுவாங்க, அதனால அவங்களுக்கு மட்டும் தனி தவாவுல போடச் சொல்லணும், இல்லன்னா குழம்பு மீனா வாங்கணும். அந்த குழம்புலயும் இறால் தலை போட்டு கொதிக்க வச்சிருக்காங்களான்னு கேட்டுருங்க. லேசா அரிக்கும்னு சொல்றவங்களுக்கு இது சரி, மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு போற அளவுக்கு வந்தவங்கன்னா கடல் உணவு கடையே வேண்டாம், இடத்தையே மாத்திருங்க.

காசு விஷயமும் இப்பவே பேசிருங்க. சமமா பிரிக்கிறதா, ஒருத்தர் ட்ரீட்டா, நண்டு சாப்பிடாதவங்களுக்கு எப்படின்னு சாப்பிட்டு முடிச்சப்புறம் பேசுனா யாரோ ஒருத்தர் மனசு வருத்தப்பட்டு தான் போவார்.

2. நாள் பாருங்க, காலண்டர்ல ரெண்டு கோடு போட்டு வச்சுக்கோங்க

மதுரைக்கு கடல் கிடையாது. ராமேஸ்வரம் 170 கிலோமீட்டர் இருக்கும், தூத்துக்குடி 140 கிட்ட வரும், மீன் எல்லாம் ஐஸ் பெட்டில ராத்திரியோட ராத்திரியா ஏறி காலைல இங்க இறங்குது. அதனால கடல்ல என்ன நடக்குதுங்கறது உங்க பிளேட்ல அடுத்த நாளே தெரியும்.

முதல் கோடு: ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும். வருஷா வருஷம் நம்ம கிழக்குக் கடற்கரைல 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மட்டும் தான் போகும். மீன் முட்டை போட்டு பெருகுற காலம்னு தான் இந்த தடை. அந்த நேரத்துல வர்றது நாட்டுப்படகு மீன் கொஞ்சம், மேற்குக் கரைல இருந்து வர்றது கொஞ்சம், மிச்சம் ஐஸ்ல உறைய வச்சது. ஜூன் 10 வாக்குல கேரளா பக்கமும் தடை வந்து ஜூலை 31 வரைக்கும் இருக்கும், அதனால ஜூன் மாசம் பெரிய மீனுக்கு ரொம்ப ஆசைப்படாதீங்க. இதுல இன்னொன்னு, சித்திரைத் திருவிழாவும் இந்த தடை காலத்துல தான் பெரும்பாலும் விழும், ஊரே வெளியூர் ஆளுங்களால நெறைஞ்சிருக்கும், மீன் கம்மி கூட்டம் ஜாஸ்தி. அந்த வாரம் சொந்தக்காரங்கள கூட்டிட்டு போகணும்னா கறி சாப்பாடு போட்டு அனுப்புறது நல்லது.

ரெண்டாவது கோடு: புரட்டாசி. பாதி ஊரு கவிச்சி சாப்பிடாது, டேபிள் ஈஸியா கிடைக்கும், கவனிப்பும் நல்லா இருக்கும். ஆனா வியாபாரம் கம்மியா இருக்கறதால சில கடைகள்ல சரக்கு மெதுவா தான் ஓடும், நேத்து மீன் இன்னைக்கும் இருக்கும். புரட்டாசில போறீங்கன்னா கூட்டம் இருக்கற கடைக்கே போங்க. புரட்டாசி முடிஞ்சு வர்ற முதல் ஞாயித்துக்கிழமை மட்டும் எந்த கடை பக்கமும் போயிடாதீங்க, ஒரு மாசம் அடக்கி வச்சவங்க எல்லாம் அன்னைக்கு தான் கிளம்புவாய்ங்க.

மத்தபடி வாரத்துல எந்த நாள்னு கேட்டா, ஞாயிறு மதியம் தவிர்த்துருங்க. ராமேஸ்வரம் பக்கம் பாக் நீரிணைல விசைப்படகுக்கு வாரத்துல மூணு நாள், மிச்ச நாலு நாள் நாட்டுப்படகுக்குன்னு ஒரு ஏற்பாடு இருக்கு, அதனால தினமும் ஒரே மாதிரி மீன் வராது. அது எந்த நாள்னு நீங்க மனப்பாடம் பண்ண வேண்டாம், அடுத்த படில இருக்கற போன்ல கேட்டாலே போதும்.

3. காலைல பதினோரு மணிக்கு மேல ஒரு போன்

டேபிள் புக் பண்ண மட்டும் போன் பண்றவங்க தான் நிறைய பேர். டேபிள் ரெண்டாவது, மொத கேக்க வேண்டியது மீன். பதினோரு மணிக்கு மேலன்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு, அதுக்குள்ள சரக்கு வந்து கழுவி மசாலா தடவி வச்சிருப்பாங்க, எது இருக்கு எது இல்லன்னு அவங்களுக்கே தெளிவா தெரியும். முந்தின நாள் கேட்டா "எல்லாம் இருக்கு சார்"னு தான் பதில் வரும்.

நான் கேக்கறது இப்படி இருக்கும் (பெட்டி மீன்னா உறைய வச்ச மீன்):

"அண்ணே, இன்னைக்கு ராத்திரி எட்டு பேர் வர்றோம். காலைல வந்த மீன் எது, பெட்டில இருக்கற மீன் எது?"

"வஞ்சிரம் பெட்டி தான் சார். பாறை, சங்கரா காலைல வந்துச்சு. நண்டு நல்லா இருக்கு."

இப்படி பதில் வந்துச்சுன்னா அந்த கடைய நம்பலாம். எல்லாமே ஃபிரஷ்னு ஒரே வார்த்தைல முடிச்சா கொஞ்சம் உஷாரா இருங்க. பெட்டி மீனுன்னாலே கெட்டதுன்னு நெனச்சுராதீங்க, நல்லா உறைய வச்ச இறால், ஒழுங்கா ஐஸ் போடாம நாள் முழுக்க கிடந்த இறால விட எவ்வளவோ மேல். எது எதுன்னு தெரிஞ்சா எப்படி சமைக்க சொல்றதுன்னு முடிவு பண்ணலாம்: காலைல வந்தத தவாலயோ வாழை இலைலயோ சொல்லுங்க, பெட்டி அயிட்டத்த மசாலாவோட சொல்லுங்க.

முழு மீன் வேணும்னா இந்த போன்லயே எடுத்து வைக்க சொல்லிருங்க. ஒரு கிலோ சுமாருக்கு சங்கராவோ கொடுவாவோ ரெண்டு மூணு தான் வந்திருக்கும், எட்டு மணிக்கு போய் கேட்டா கிடைக்காது. நண்டும் அப்படித்தான். பௌர்ணமி ஒட்டி வர்ற நண்டுல சதை இருக்காதுன்னு மீன்காரங்க சொல்வாங்க, அதனால "நண்டு சதையா இருக்கா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, இல்லன்னா காசு கொடுத்து ஓட்ட தான் கடிச்சிட்டு இருப்பீங்க.

4. நேரமும் டேபிளும்

மதியம்னா பன்னிரண்டரை, ராத்திரின்னா ஏழு. அரை மணி நேரம் தள்ளிப் போனா கே.கே. நகர், அண்ணா நகர், பைபாஸ் ரோடு எங்கயா இருந்தாலும் வண்டி நிறுத்தவே அல்லாடணும். சீக்கிரம் போறதுல இன்னொரு லாபம், எண்ணெய் புதுசா இருக்கும். ஒன்பதரை மணி வறுவல்ல அந்த கருகல் வாசனை வரும், கவனிச்சு பாருங்க.

டேபிள் கேக்கும்போது நீளமா போட்டு சேத்து போடுறத விட, வட்டமா இருந்தா வட்டம், இல்லன்னா நாலு நாலா பக்கத்து பக்கத்துல ரெண்டு டேபிள் கேளுங்க. நீள டேபிள்ல நடுவுல வச்ச பிளேட் ஓரத்துல இருக்கறவங்களுக்கு எட்டவே எட்டாது, அங்க உக்காந்த சித்தியும் சின்ன பிள்ளையும் வெறும் சோத்த பிசைஞ்சுட்டு இருப்பாங்க. ரெண்டு டேபிள்னா ஒவ்வொரு அயிட்டத்தையும் ரெண்டா பிரிச்சு வைக்க சொல்லிருங்க.

கை கழுவுற இடத்துக்கு பக்கமா கிடைச்சா நல்லது, நண்டு சொல்றதா இருந்தா கண்டிப்பா.

5. மெனு கார்ட கடைசியா பாருங்க

மெனு கார்டு வருஷம் முழுக்க ஒரே கார்டு, மீன் தினமும் வேற. அதனால முதல்ல கண்ணால பாக்கணும்.

ஐஸ் மேல மீன அடுக்கி வச்சிருக்கற கடைன்னா ஒருத்தர் எந்திரிச்சு போய் பாத்துட்டு வாங்க. கரிமேட்டுலயோ நெல்பேட்டையிலயோ மீன் வாங்கி பழகுனவங்க கூட்டத்துல இருந்தா அவங்கள அனுப்புங்க, பெரும்பாலும் ஒரு அத்தை இருப்பாங்க. பாக்க வேண்டியது: மீன் கண்ணு தெளிவா வெளிய தள்ளிட்டு இருக்கணும், குழி விழுந்து வெள்ளை படிஞ்சிருந்தா வேணாம். செவுள் சிவப்பா இருக்கணும். இறால் தலை கருத்து, உடம்புல இருந்து கழண்டு தொங்குனா பழசு. கணவாய் வெள்ளையா பளபளன்னு இருக்கணும், ரோஸ் கலர் ஓடியிருந்தா நாள் ஆயிடுச்சு. நண்டு கைல எடுத்தா சைஸுக்கு மீறின கனம் இருக்கணும், லேசா இருந்தா உள்ள தண்ணி தான்.

மெஸ்னா கதை வேற. அங்க ஒரு அண்ணன் பெரிய தட்டுல சின்னச்சின்ன கிண்ணமா அடுக்கி, சுக்கா, ஈரல், கோலா, மீன் வறுவல், நண்டு ஆம்லெட், இறால் தொக்குன்னு உங்க மூக்குக்கு நேரா கொண்டாந்து நீட்டுவார். பசில கை தானா நீளும். புதுசா வர்றவங்க அதிகமா மாட்டுற இடம் இது தான், ஆளுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வச்சுருவாங்க, விலை கேக்கவே மாட்டாங்க, அந்த கிண்ணம் எப்ப பொரிச்சதுன்னும் தெரியாது. தட்ட பாத்து என்னென்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க, ரேட்ட கேளுங்க, அப்புறம் "இதுல ரெண்டு சூடா போட்டு கொண்டாங்கண்ணே"ன்னு சொல்லுங்க. அவங்களும் சந்தோஷமா செய்வாங்க, பத்து நிமிஷம் ஆகும், அவ்வளவு தான்.

சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன் மட்டும் வாய்ல வச்சதும் மிளகு மாதிரி சுருக்குனு நாக்கு எரிஞ்சா அதோட நிறுத்திருங்க. ஐஸ் சரியா போடாம கிடந்தா அந்த மீன்கள்ல ஹிஸ்டமின் சேரும், எவ்வளவு வறுத்தாலும் அது போகாது, சாப்பிட்டா மூஞ்சி சிவந்து தலைவலி வரும். மசாலா காரம்னு நெனச்சு நிறைய பேர் சாப்பிட்டு முடிச்சிருவாங்க.

6. எடை, விலை: தலைய ஆட்டுறதுக்கு முன்னாடி

மெனுல விலைக்கு பதிலா "சைஸ பொறுத்து"ன்னு போட்டிருக்கற அயிட்டம் தான் பில்ல தூக்கி விடுறது. அதுக்கு மூணு கேள்வி கேக்கணும். ரேட்டு 100 கிராமுக்கா, ஒரு பீஸுக்கா? எடை போடுறது முழு மீனாவா, கழுவுனதுக்கு அப்புறமா? இந்த மீன் எவ்வளவு வரும்?

ஒரு கணக்கு போட்டு பாருங்க. 100 கிராம் 180 ரூபான்னு சொல்றாங்க, கேக்க சின்னதா இருக்கு. மீன் 1.2 கிலோ வந்தா 2,160 ரூபா. ஜிஎஸ்டி 5 சதவீதம் சேத்தா 2,268. ஆனா குடல், செவுள், தலை, முள்ளு எல்லாம் போக சதைன்னு தட்டுல வர்றது பாதி தான் இருக்கும். அது தப்பு இல்ல, முழு மீன்னா அப்படித்தான், தலை கூட ருசி தான். ஆனா எட்டு பேருக்கு அந்த ஒரு மீன் போதும்னு நெனச்சு சொன்னீங்கன்னா பத்தாது.

எடை போடும்போது கிட்ட நின்னு பாருங்க, கூச்சமே வேண்டாம், மார்க்கெட்ல நிக்கறோம்ல அதே தான். எடையும் ரேட்டும் ஒரு பேப்பர்ல எழுதி வாங்கினா, இல்ல போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கிட்டா, கடைசில பில்லோட ஒப்பிட வசதியா இருக்கும்.

பிளேட் கணக்குல வர்றதுக்கு "எத்தனை பீஸ் இருக்கும்"னு ஒவ்வொன்னுக்கும் கேளுங்க. ஆறு பேர் இருக்கற டேபிளுக்கு நாலு பீஸ் பிளேட் வந்தா என்ன பண்ணுவீங்க? ரெண்டு பீஸ் சேத்து போடச் சொன்னா நிறைய கடைல போட்டு தருவாங்க, அதுக்கு முன்னாடியே சொல்லணும்.

7. ஆர்டர மூணு தடவையா சொல்லுங்க

முழு வழிகாட்டியிலயும் இத மட்டும் செஞ்சா கூட போதும்னு சொல்வேன். ஒரே மூச்சுல எல்லாத்தையும் சொல்லாதீங்க. கிச்சன்ல எது முதல்ல முடியுதோ அதத் தான் அனுப்புவாங்க, உங்க வயித்து வரிசை அவங்களுக்கு தெரியாது. குழம்பு ரெடியா இருக்கும், அது முதல்ல வரும், சோறும் வந்துரும், பசில எல்லாரும் பிசைய ஆரம்பிச்சுருவாங்க, வறுவல் வர்றப்போ வயிறு முக்கால் ரொம்பியிருக்கும். இந்த காட்சி பக்கத்து டேபிள்ல நீங்களே பாத்திருப்பீங்க.

முதல் சுத்து, சின்னதும் மொறுமொறுப்பும். நெத்திலி வறுவல், காரம் கம்மியா தவா மீன், இலைல சுட்ட மீன் ஏதாவது ஒன்னு. நெத்திலி வந்த அஞ்சு நிமிஷத்துல தீரணும், அதுக்கப்புறம் நமத்துப் போயிடும், அதனால தான் எல்லாரும் பசியா இருக்கற நேரத்துல அத வரவைக்கிறது. காரம் கம்மியானத முதல்ல சொல்றதுக்கும் காரணம் இருக்கு: மிளகு நண்டயோ சுக்கா இறாலயோ முதல்ல தின்னுட்டா நாக்கு செத்துரும், அப்புறம் நல்ல பாறை மீன் வந்தாலும் உப்பு காரம் மட்டும் தான் தெரியும், மீன் தெரியாது.

முதல் சுத்து பாதி காலியானதும் ரெண்டாவது சுத்து சொல்லுங்க. இறால், கணவாய், நண்டு. கணவாய பத்தி ஒரு விஷயம், அது ரெண்டு மூணு நிமிஷத்துல தீயில இருந்து எடுக்கணும், இல்லன்னா அரை மணிக்கு மேல வேக விடணும், ரெண்டுக்கும் நடுவுல விட்டா ரப்பர் மாதிரி ஆயிடும். வெந்தது ஆறுனாலும் இறுகிடும். அதனால கணவாய் டேபிளுக்கு வர்ற நேரத்துல வேற எதுவும் வராம பாத்துக்கோங்க, வந்ததும் அத தான் சாப்பிடணும். நண்டு ரெண்டாவது சுத்தோட கடைசில வரட்டும், அதுக்கு கையும் நேரமும் வேணும், ஆறினாலும் கிரேவில இருந்தா கெட்டுப் போகாது.

மூணாவது தான் சோறு, பரோட்டா, குழம்பு. அத ஒன்பதாவது படில தனியா சொல்றேன்.

ஒரே மசாலாவ மூணு தடவை சொல்ற தப்பும் நிறைய நடக்குது. மீன் வறுவல், இறால் வறுவல், கணவாய் வறுவல்னு பேரு மட்டும் தான் மாறும், மூணும் அதே செவப்பு மசாலா, அதே எண்ணெய். நாலாவது வாய்லயே எல்லாருக்கும் திகட்டிடும், ஏன்னே தெரியாது. ஒன்னு பொரிச்சது, ஒன்னு தவா, ஒன்னு தொக்கு, ஒன்னு மிளகு போட்டதுன்னு மாத்தி மாத்தி சொல்லுங்க. சுறா புட்டு இருந்தா கண்டிப்பா ஒன்னு சேருங்க, முள்ளு இல்ல, காரம் கம்மி, பல்லு இல்லாத தாத்தாவுல இருந்து சின்ன பிள்ளை வரைக்கும் சாப்பிடலாம்.

அளவுக்கு ஒரு உதாரணம். பெரியவங்க ஆறு பேர், பிள்ளைங்க ரெண்டு பேர்னு வச்சுக்குவோம். முதல் சுத்துல நெத்திலி ஒரு பிளேட், தவா மீன் ஆறு பீஸ், புட்டு ஒன்னு. ரெண்டாவது சுத்துல இறால் தொக்கு ரெண்டு, கணவாய் ஒன்னு, நண்டு மிளகு ஒரு கிலோ சுமாருக்கு. அதுக்கப்புறம் ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்தி, "இன்னும் என்ன வேணும்"னு ஒவ்வொருத்தரா கேளுங்க. பெரும்பாலும் இன்னொரு நெத்திலி தான் கேப்பாங்க. மிச்சம் வைக்கறத விட ரெண்டாவது தடவ சூடா வாங்குறது எப்பவும் நல்லது.

ஆர்டர் சொல்றது ஒருத்தர் வாயா இருக்கட்டும். நாலு பேரு நாலு பக்கம் சொன்னா சர்வர் தம்பிக்கு ஒரே அயிட்டம் ரெண்டு தடவ ஏறிடும். சொல்லி முடிச்சதும் திருப்பி ஒரு தடவ படிக்க சொல்லுங்க.

8. டேபிள்ல பங்கு போடுறது

நம்ம ஊருல கையால தான் சாப்பிடுறோம், அதனால பங்குச் சாப்பாட்டுல ஒரு சிக்கல் இருக்கு. சாப்பிட ஆரம்பிச்சப்புறம் வலது கை எச்சில் கை, அத வச்சு நடு பிளேட்ல எடுக்க முடியாது, இடது கையால அடுத்தவங்களுக்கு பரிமாறுனா பெரியவங்க முகம் சுளிப்பாங்க. அதனால ஒவ்வொரு பிளேட் வரும்போதும் ஒரு கரண்டி கூட வரணும்னு முதல்லயே சொல்லிருங்க, எல்லாருக்கும் முதல் பங்க சர்வரையே வைக்க சொல்லுங்க. அவர் பிஸியா இருந்தா கூட்டத்துல ஒருத்தர் அந்த சுத்து பரிமாறிட்டு கடைசியா உக்காரட்டும். முறை வச்சு மாத்திக்கோங்க, எப்பவும் வீட்டு பொம்பளைங்க தலைல அத கட்டாதீங்க, அவங்களும் சூடா சாப்பிடத் தான் வந்திருக்காங்க.

பெரியவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் மொதல்ல. பிள்ளைங்களுக்கு வஞ்சிரமோ சுறாவோ நடுமுள்ளு மட்டும் இருக்கறதா பாத்து வைங்க. சங்கரா, மத்தில பொடி முள்ளு இருக்கும், பிச்சு விரலால தடவிப் பாத்துட்டு கொடுங்க.

நண்டுக்கு கொஞ்சம் பொறுமை வேணும். ஆர்டர் சொல்லும்போதே "நண்டோட கொடுக்கு எல்லாத்தையும் தட்டி கொடுங்க"ன்னு சொல்லிட்டா கிச்சன்லயே லேசா உடைச்சு அனுப்புவாங்க, பல்லுக்கு நல்லது, மசாலாவும் உள்ள இறங்கும். உடம்ப ரெண்டா ஒடிச்சா அறை அறையா வெள்ளை சதை தெரியும், ஒடிச்ச பக்கத்த கட்டை விரலால கீழ இருந்து அமுக்குனா முழுசா வெளிய வரும். ஓரத்துல சாம்பல் கலர்ல இறகு மாதிரி இருக்கறது செவுள், பெரும்பாலும் சுத்தம் பண்ணியிருப்பாங்க, மிச்சம் இருந்தா எடுத்துருங்க. சின்னக் கால கடிச்சு துப்பறத விட ஒரு முனைய ஒடிச்சு உறிஞ்சுங்க, கிரேவியும் சேந்து வரும்.

ஓடு, முள்ளு போட தனி தட்டு ரெண்டு கேட்டு வாங்குங்க. இலை ஓரத்துல குமிச்சா அப்புறம் சோத்துக்கு இடம் இருக்காது, முள்ளு சோத்துல கலந்துரும்.

9. சோறு கடைசில, ஆனா விட்டுராதீங்க

வெறும் வறுவலா தின்னுட்டு எந்திரிச்சா மதுரைல சாப்ட்ட மாதிரியே இருக்காது. ஆளுக்கு ஒரு பிரியாணி சொல்லாதீங்க, இது தான் காசையும் வயித்தையும் ஒன்னா காலி பண்ற தப்பு. நாலு பேருக்கு ரெண்டு வெள்ளை சாதம், ரெண்டு பரோட்டான்னு நடுவுல வைங்க, குழம்பு ரெண்டு வகை வாங்குங்க.

அதுல ஒன்னு அயிரை மீன் குழம்பா இருக்கட்டும், அன்னைக்கு கிடைச்சா. அயிரை கடல் மீன் இல்ல, ஆத்து மீன், சுண்டு விரல் நீளம் தான் இருக்கும், தலையோட முள்ளோட அப்படியே மெல்லலாம். வெளியூர்ல இருந்து வந்தவங்களுக்கு கண்டிப்பா வாங்கி கொடுங்க. விலை கூட தான் இருக்கும், ஆனா ஒரு கிண்ணம் நாலு பேருக்கு போதும். நல்லா கழுவலன்னா மண்ணு கடிக்கும், முதல் வாய்லயே தெரிஞ்சுரும், அப்படி இருந்தா தயங்காம திருப்பி அனுப்புங்க.

நண்டு மசாலா பிளேட்ல அடில நிக்கற கிரேவிய யாரும் எடுத்துட்டு போக விடாதீங்க. சர்வர் தம்பி பிளேட் காலியாயிடுச்சுன்னு தூக்க வருவார், "இருக்கட்டும் தம்பி"ன்னு சொல்லி அதுல ஒரு கரண்டி சுடு சோத்த போட்டு பிரட்டி ஆளுக்கு ஒரு வாய் பிரிச்சுக்கோங்க. அந்த நாள்ல அது தான் நல்ல வாய்.

கடைசில ரசம். மீன் சாப்ட்டு தயிர், மோர் சேக்கக் கூடாதுன்னு நினைக்கற பெரியவங்க கூட இருந்தா அவங்களுக்கு ரசத்தோட முடிச்சுருங்க, வற்புறுத்த வேணாம்.

10. பில்

வந்ததும் ஜிபே திறக்காம மூணு இடத்த பாருங்க. எடை அயிட்டம் நீங்க எழுதி வச்சதோட ஒத்துப் போகுதா. திருப்பி அனுப்புனதோ, வராததோ ஏறியிருக்கா. ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது ரெண்டரை ரெண்டரையா ரெண்டு வரி இருக்கும், சாதாரண ரெஸ்டாரண்ட்டுக்கு அது தான்.

சர்வீஸ் சார்ஜ்னு தனியா ஒரு வரி இருந்தா அது வரி கிடையாது, கட்டாயமும் இல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலைல பில்லுல தானா அத சேக்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு, 2025ல டெல்லி ஹைகோர்ட்டும் அத சரின்னு சொல்லிருச்சு. எடுக்க சொல்லி நிதானமா கேளுங்க, சண்டை வேணாம். அதுக்கு பதிலா எட்டு பேருக்கு மூணு சுத்து ஓடுன சர்வர் தம்பி கைல நேரா கொடுங்க, கவுண்டர் டப்பால போடாதீங்க.

11. மிச்சம் இருந்தா

குழம்பு, தொக்கு, நண்டு கிரேவி பார்சல் கட்டலாம், வீட்டுக்கு போனதும் பிரிட்ஜ்ல வச்சு மறுநாள் நல்லா கொதிக்க வச்சு இட்லிக்கு ஊத்திக்கோங்க. பொரிச்ச நெத்திலியும் கணவாயும் கட்டாதீங்க, எப்படி சூடு பண்ணாலும் திரும்ப வராது, அங்கேயே யாராவது முடிச்சுருங்க. வெயில் காலத்துல சாப்ட்டு முடிச்சு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்க, மாசி வீதில கடை சுத்தன்னு கிளம்புறதா இருந்தா பார்சலே வேணாம், வண்டி டிக்கில ரெண்டு மணி நேரம் கிடந்த இறால யாருக்கும் கொடுக்கக் கூடாது.